துபாய்க்குப் போகிற சுகர் நம்பர்

வளைகாப்பு முடிந்து தாய்வீடு வருகிற பெண்ணின் பையில் இப்போது குளுக்கோமீட்டரும் சேர்ந்து வருகிறது. விரலில் குத்த முதல் இரண்டு நாள் பயம். நுனியை விட்டு ஓரத்தில் குத்தினால் வலி குறைவு என்பது அப்புறம் தானாகவே பிடிபட்டுவிடுகிறது. போனில் கர்ப்பகால ஆப், அலமாரியில் பி.பி. மிஷின். பழகுவதில் நெல்லைப் பக்கத்துக் களக்காட்டுப் பெண்களுக்குச் சிரமமே இல்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான்.

எட்டு மாதக்காரி ஒருத்தி பீடித்தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, புகையிலைத் தூள் போக சோப்புப் போட்டுக் கைகழுவி, துடைத்து, மோதிர விரலில் குத்தினாள். 134. "ஏட்டி, எவ்வளவு காட்டுது?" என்று அடுப்படியிலிருந்து அம்மா. பதில் சொல்லாமல் மீட்டரைப் படம் எடுத்துத் துபாயில் இருக்கும் கணவருக்கு அனுப்பினாள். "ராத்திரி சோறு வேண்டாம்" என்று உடனே உத்தரவு வந்தது. நாலு தெரு தள்ளி இருக்கிற நர்ஸம்மாவுக்கு அந்த நம்பர் போகவே இல்லை.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குள், வெறும் வயிற்றில் 95-க்குள் என்பது கர்ப்பகாலச் சர்க்கரைக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் இலக்கு. அதற்குள் வந்தால் பாஸ், வராவிட்டால் ஃபெயில் என்று வீடே பரீட்சை நடத்துகிறது. ஆப்பில் சிவப்பு தெரிந்தால் பெண் பட்டினி கிடக்கிறாள். மறுநாள் நம்பர் அழகாக வருகிறது, எல்லோருக்கும் நிம்மதி. வயிற்றுப் பிள்ளைக்குச் சாப்பாடு போனதா என்று அந்த ஆப் கேட்பதில்லை. சோற்றைப் பிரித்துச் சாப்பிடுவது வேறு, விட்டுவிடுவது வேறு. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று 2007-லேயே வழிகாட்டிய மாநிலம் தமிழ்நாடு. சர்க்கரைநோய் நிபுணர் டாக்டர் வி.சேஷய்யா இதற்காகப் போராடியது சீக்கிரம் கண்டுபிடித்து வைத்தியம் பார்க்கத்தான், பட்டினி போட அல்ல.

வீட்டில் பி.பி. மிஷின் இருந்தால் ஆபத்து முன்கூட்டியே தெரியும் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் பிரிட்டனில் 2,400-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், வீட்டிலேயே பி.பி. பார்த்ததால் ரத்தக்கொதிப்பு ஒன்றும் சீக்கிரம் பிடிபடவில்லை.

பிரசவத்துக்கு ஊர் மாறினாலும் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தருகிற பிக்மி நம்பரைத் தட்டினால் ஆஸ்பத்திரிப் பதிவுகள் கிடைத்துவிடும். வீட்டு மீட்டர் சொன்னது அதில் இருக்காது. அதனால் தாயிமாரே, கூடிய நம்பரோ குறைந்த நம்பரோ, தேதியும் நேரமும் போட்டு நோட்டில் எழுதி, அடுத்த தடவை நர்ஸம்மா கையில் கொடுங்கள். சாப்பிடாமல் பார்த்த நம்பர் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளை அசைவு குறைந்தால் மிஷினைத் தேட வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பி.பி. 140/90-ஐத் தொட்டால் அன்றைக்கே டாக்டர். 160/110 என்றாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, துபாய்க்குச் சொல்லுமுன் 108-க்குச் சொல்லுங்கள்.