மன்னிப்புக் கேட்க மறுத்த மங்கரைக்காரர்

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோவை எல்லையை ஒட்டித் தமிழ் பேசுகிற பகுதி. சிறு வயதில் ஒற்றப்பாலத்திலிருந்த பெரியப்பா வீட்டுக்குப் பாசஞ்சர் ரயிலில் போவோம். பறளிக்கு அப்புறம் மங்கரை என்றொரு சின்ன ஸ்டேஷன் வரும். நாலு பேர் இறங்குவார்கள், ரயில் கிளம்பிவிடும். அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

2025-ல் வெளிவந்த 'கேசரி சாப்டர் 2' என்ற இந்திப் படத்தை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். முடிந்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, இந்தச் சங்கரன் நாயர் உங்க ஊர்ப் பக்கமாமே! நிஜமாவே வெள்ளைக்காரங்க மேல கேஸ் போட்டாரா?" பதில் தெரியாமல் விழித்தேன். அதன்பின் தேடிப் படித்ததைத்தான் சங்கத்து அன்பர்களுக்கு எழுதுகிறேன்.

சேற்றூர் சங்கரன் நாயர் 1857-ல் மங்கரையில் பிறந்தவர். அன்று அந்த ஊர் சென்னை ராஜதானியின் மலபார் ஜில்லாவில் இருந்தது. ஆகவே படிப்பு சென்னை மாநிலக் கல்லூரியில். வக்கீல் தொழில் சென்னை ஹைகோர்ட்டில். 1897-ல் அமராவதி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைவர். கேரளத்திலிருந்து அந்தப் பதவிக்கு வந்தவர் அவர் ஒருவரே. பின்னர் அட்வகேட் ஜெனரல், 1908-ல் ஹைகோர்ட் நீதிபதி, 1912-ல் 'சர்' பட்டம். 1915-ல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் அங்கம் பெற்று, கல்வி இலாகாவைக் கவனித்தார்.

1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் ஜெனரல் டயர் சுடச் சொன்னார். பஞ்சாபில் ராணுவச் சட்டம் தொடர்ந்தது. நிர்வாக சபையிலிருந்த ஒரே இந்தியரான நாயர், ஜூலை மாதம் பதவியை உதறினார். அந்த நாளில் ஓர் இந்தியருக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் கிடையாது.

1922-ல் 'காந்தியும் அராஜகமும்' என்ற நூலை எழுதினார். காந்திஜியின் ஒத்துழையாமையைக் கண்டித்த நூல் அது. ஆனால் அதே நூலில், பஞ்சாப் கொடுமைகளுக்கு அங்கே லெப்டினன்ட் கவர்னராக இருந்த மைக்கேல் ஓட்வயரே பொறுப்பு என்றும் எழுதியிருந்தார். ஓட்வயர் லண்டனில் மானநஷ்ட வழக்குப் போட்டார்.

மகளின் கேள்விக்குப் பதில் இதுதான். படத்தில் வருவதுபோல் நாயர் வழக்குத் தொடுத்தவர் அல்ல, எதிர்வாதி. 1924-ல் ஐந்து வாரம் விசாரணை நடந்தது. பன்னிரண்டு ஜூரிகளில் பதினொரு பேர் ஓட்வயர் பக்கம். மாறுபட்ட ஒருவர், பேராசிரியர் ஹெரால்ட் லாஸ்கி. நஷ்ட ஈடு 500 பவுன், செலவுத் தொகை 7,000 பவுன். மன்னிப்புக் கேட்டால் பணம் வேண்டாம் என்றார் ஓட்வயர். நாயருக்கு அப்போது வயது 66. மன்னிப்புக் கேட்காமல் பணத்தைக் கட்டினார்.

அவருடைய எல்லாக் கருத்தும் நமக்கு உடன்பாடாக இருக்காது. நாடே சைமன் கமிஷனைப் பகிஷ்கரித்தபோது, அதனோடு ஒத்துழைத்த இந்தியக் குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. 1934-ல் காலமானார்.

அவருடைய மகளை மணந்தவர் கே.பி.எஸ். மேனன், சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலாளர், பிறகு 1952 முதல் 1961 வரை மாஸ்கோவில் இந்தியத் தூதர். மேனனின் வீடு இருந்தது ஒற்றப்பாலத்தில், என் பெரியப்பாவின் ஊரில்! அதுவும் எனக்குத் தெரியாமல்தான் இருந்தது.

இதையெல்லாம் சொன்னதும் மகள் சற்று ஏமாந்துபோனாள். "அப்போ அவர் தோத்துட்டாரா?" என்றாள். "ஆமாம்மா, தோத்துட்டார். ஆனா சாரி சொல்லலை" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த லீவுக்குப் போறப்ப மங்கரையில இறங்கலாமா?" என்று கேட்டாள்.

இந்த முறை எக்ஸ்பிரஸ் வேண்டாம், பாசஞ்சரிலேயே போகலாம் என்று இருக்கிறோம்.