பறவைக்குன்னு ஒரு பழமரம் வைக்கலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கப்பட்டுள்ளது.)

நிறைய பேர் கேட்டிருந்தீங்க: "ஊர்ல தாத்தா நிலம் சும்மா கிடக்கு. பறவை, அணில் எல்லாம் வர்ற மாதிரி என்ன மரம் வைக்கலாம்?" இன்னிக்கு அதைத்தான் பேசப்போறோம். முதல்ல நான் சொதப்பின கதை.

மதுரைப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். ஒரு சித்திரை மாசம் ஆர்வக்கோளாறுல 40 கன்று நட்டுட்டு சென்னைக்கு பஸ் ஏறிட்டேன். தீபாவளிக்குப் போய்ப் பார்த்தா 11தான் மிச்சம். பாதி வெயில்ல கருகிடுச்சு, மீதியை ஆடு முடிச்சிடுச்சு. அதனால முதல் பாடம்: தண்ணி ஊத்த ஆள் இல்லன்னா ஐப்பசி மழையோட நடுங்க. ஒவ்வொரு கன்றுக்கும் முள் கட்டுங்க.

ரெண்டாவது பாடம், ஒரே மரத்தை வரிசையா வைக்கக் கூடாது. நாவலும் வேம்பும் ஆனி, ஆடியில பழுக்கும். அப்போ குயில், மைனா, கொண்டைக்குருவின்னு திருவிழாதான். சரி, கார்த்திகையில அதுங்க என்ன சாப்பிடும்?

இங்கதான் ஆல், அரசு, அத்தி வருது. அத்திப்பழம்னு நாம சொல்றது உண்மையில உள்பக்கமா பூக்கிற ஒரு பூங்கொத்து. அதுக்குள்ள நுழைஞ்சு மகரந்தம் சேர்க்கிறது ஒரு குட்டிக் குளவி. அந்தக் குளவி ரொம்ப நாள் உயிரோட இருக்காது. அதனால ஊருக்குள்ள ஏதாவது ஒரு மரம் எப்பவும் அதுக்குத் தயாரா இருக்கணும். எல்லா ஆலமரமும் ஒரே நேரத்துல பழுக்காததால, மத்த மரம் காலியா இருக்கும்போதும் எங்கயாவது ஒரு ஆல்ல சாப்பாடு கிடைக்கும். ஆனா கிணறு, வீடு பக்கம் மட்டும் வைக்காதீங்க, வேர் சுவரைப் பிளந்துடும்.

காத்திருக்கப் பொறுமை இல்லையா? தேன்பழ மரம் வைங்க. ரெண்டு வருஷத்துலயே காய்க்கும், குக்குறுவான் தேடி வரும். கொட்டை வகையில நாட்டு வாதுமை. சதையை வௌவால் தின்னுட்டுக் கொட்டையைப் போட்டுடும். காலையில அதைப் பொறுக்கிக் கல்லால உடைச்சுத் தின்னாத ஊர்ப் பிள்ளை உண்டா?

வௌவால்னு சொன்னதும் சித்தப்பா முகம் மாறிடுச்சு. பக்கத்து நிலம் அவரோட கொய்யாத் தோப்பு. "நீ விருந்து வைப்ப. அது கைகழுவ என் தோட்டத்துக்கு வரும்"னார். என்கிட்ட பதில் இல்ல. எனக்கு அது வீக்எண்ட் ஆசை, அவருக்கு அதுதான் பிழைப்பு.

வௌவால் மேல இந்தக் கோபம் சட்டத்துலயே இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பழந்தின்னி வௌவால், எலி, காக்காயோட சேர்ந்து 'தொல்லை தரும் விலங்கு' அட்டவணையில இருந்தது. 2022 திருத்தத்துலதான் அந்த அட்டவணையையே எடுத்தாங்க. ஆனா ராத்திரி இலுப்பைப் பூவைத் தேடி வந்து மகரந்தம் சேர்க்கிறதும், விதையைத் தூரத்துல கொண்டுபோய்ப் போடுறதும் அதே வௌவால்தான்.

கடைசியில ஒரு ஒப்பந்தம். இலுப்பையும் வாதுமையும் தோப்புக்கு எதிர் எல்லையில. கொய்யாவுக்கு உறை மாட்டுற செலவு என்னோடது. வலை வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன், தொளதொளன்னு தொங்குற நைலான் வலையில பறவையும் வௌவாலும் சிக்கிச் செத்துடும். சித்தப்பா சிரிச்சார்: "இலுப்பை பூக்கப் பத்து வருஷம் ஆகும். அதுவரைக்கும் உறை காசு ஒழுங்கா அனுப்பு."

அனுப்பிட்டுத்தான் இருக்கேன்.

ஒரு எச்சரிக்கை: உங்க நிலம் காட்டை ஒட்டி இருந்தா பலா வைக்கிறதுக்கு முன்னாடி யோசிங்க. பழுத்த பலா வாசனைக்கு யானை வரும். ஆபத்து உங்களுக்கு இல்ல, அங்கேயே குடியிருக்கிறவங்களுக்கு.

ஆக, அடுத்த தடவை ஊருக்குப் போனா கன்று வாங்குறதுக்கு முன்னாடி பக்கத்து நிலத்துக்காரர்கிட்ட ஒரு டீ குடிங்க. அங்கதான் வேலை ஆரம்பிக்குது. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!