சைக்கிள் வாங்கியாச்சு, பொறுமையை எங்க வாங்குறது?



ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம். பையன் பிறந்தநாளுக்கு 7,000 ரூபாய்க்கு ஒரு சைக்கிள் வாங்குறீங்க. மூணு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்கிறான். நாலாவது ஞாயிறு "கால் வலிக்குது"ன்னு சொல்லிட்டு மொபைலோட உட்கார்ந்துடுறான். அதோட அந்த சைக்கிள் பார்க்கிங்ல தூண் பக்கத்துல நின்னுடுது. ஒரு தடவை ஓட்டினதுக்கு ஆன செலவு 2,333 ரூபாய். ஏ.சி. கார்ல குடும்பத்தோட மகாபலிபுரம் போயிட்டு வந்திருக்கலாம்.

இது கற்பனைக் கணக்குதான். ஆனா இன்னைக்கு சாயங்காலம் உங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்கை ஒரு சுத்து சுத்திப் பாருங்க. டயர்ல காத்து இறங்கி, சீட் மேல தூசி படிஞ்சு, சைடு வீல் மட்டும் புத்தம் புதுசா எத்தனை சைக்கிள் நிக்குதுன்னு தெரியும். வாங்கின யாரும் கஞ்சத்தனம் பண்ணலை. எந்த பிராண்டு, எந்தக் கலர், எந்த ஆஃபர்னு வாரக்கணக்கா தேடித்தான் வாங்கியிருப்பாங்க. அதுக்கப்புறம் கத்துக்கொடுக்க ஒதுக்கின நேரம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

வழக்கமா இங்க ஃபண்டு, இன்ஷூரன்ஸ், டாக்ஸ்னு பேசுவோம். இந்த வாரம் ஒரு மாறுதலுக்கு, ரெண்டு சக்கரத்தைப் பத்திப் பேசலாம்.

"வளர்ற பிள்ளைதானே" என்கிற பொய்க் கணக்கு

நம்ம வீடுகள்ல ஸ்கூல் யூனிஃபார்ம் எடுக்கும்போது ஒரு சைஸ் பெருசா எடுப்போம். அடுத்த வருஷமும் ஆகும்னு. சட்டைக்கு அது சரி. சைக்கிளுக்கு அதே புத்தியைக் காட்டினா காசு வீண்தான்.

குழந்தைங்க சைக்கிள் 12, 14, 16, 20, 24 இஞ்ச் சக்கர அளவுல வருது. அஞ்சு வயசுக்கு 16 இஞ்ச் சரியா இருக்கும்போது, "எப்படியும் ரெண்டு வருஷத்துல வளர்ந்துடுவான்"னு 20 இஞ்ச் வாங்கிடுறோம். குழந்தை சீட்ல உட்கார்ந்தா கால் விரல் நுனிகூட தரையைத் தொடாது. விழப்போற நேரத்துல கால் ஊன முடியாதுன்னு அவனுக்குத் தெரியும். உங்களுக்கு அது மிச்சப்படுத்தின 5,000 ரூபாய், அவனுக்கு அது பயம்.

வயசைப் பார்த்து வாங்குறதும் அவ்வளவு நம்பகமில்லை. இப்படி அளந்து பாருங்க: குழந்தையைச் செருப்போட சுவர் ஓரமா நிக்க வெச்சு, ரெண்டு காலுக்கு நடுவுல ஒரு நோட்டுப் புத்தகத்தை மேல வரைக்கும் ஏத்தி, அதோட மேல் விளிம்பு சுவர்ல எங்க படுதோ அங்க பென்சில்ல ஒரு கோடு போடுங்க. தரையிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் உள்ள உயரம்தான் முக்கியம். சீட்டை முழுசா இறக்கினா அந்த உயரத்துக்கு மேல போகக் கூடாது. டேப்பை எடுத்துக்கிட்டே கடைக்குப் போங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

எடையையும் பாருங்க. 18 கிலோ குழந்தைக்கு 10 கிலோ இரும்பு சைக்கிள்னா, 70 கிலோ ஆளான உங்ககிட்ட கிட்டத்தட்ட 39 கிலோ சைக்கிளைக் கொடுத்து "பேலன்ஸ் பண்ணு"ன்னு சொல்ற மாதிரி. ஷாக் அப்சார்பர், பொய் கியர், பின்னாடி கூடைன்னு அலங்காரம் கூடக் கூட எடையும் விலையும்தான் கூடும்.

புதுசாத்தான் வாங்கணும்னு இல்லை. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல "16 இஞ்ச் சைக்கிள் யார்கிட்டயாவது சும்மா இருக்கா?"ன்னு ஒரு மெசேஜ் போடுங்க. மேல சொன்ன பார்க்கிங் சைக்கிள்ல ஒண்ணு உங்களுக்கு வந்துடும். டயர், டியூப், பிரேக் கட்டை மாத்தினா போதும். புதுசுதான் வேணும்னா ஒரு நல்ல சேதி, 2025 செப்டம்பர் 22-லிருந்து சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமா இறங்கியிருக்கு. பில்லுல சரியா போட்டிருக்காங்களான்னு பார்த்து வாங்குங்க.

முதல்ல பெடலைக் கழட்டுங்க

சைடு வீல் பாதுகாப்பு தருது, அதுல சந்தேகமில்லை. ஆனா கத்துக்க வேண்டிய விஷயத்தை அதுதான் மறைச்சுடுது. ரெண்டு சக்கர வண்டி இடது பக்கம் சாய்ஞ்சா, ஹேண்டில்பாரையும் இடது பக்கமே லேசாத் திருப்பணும். அப்போ சக்கரம் உடம்புக்குக் கீழ வந்து நம்மளைத் தாங்கிக்கும். இதுதான் பேலன்ஸ். யோசிச்சுப் பண்றது இல்லை, உடம்பு தானா பண்றது. சைடு வீல் இருந்தா வண்டி சாயவே சாயாது. சாயாத வண்டியில இதை எப்படிக் கத்துக்க முடியும்? ஒரு வருஷம் சைடு வீலோட சுத்தின குழந்தை, அதைக் கழட்டின அன்னைக்கு முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறது இதனாலதான்.

சைக்கிள் வரலாறும் இதே வரிசையிலதான் வந்திருக்கு. 1817-ல ஜெர்மனியின் மான்ஹைம் ஊர்ல கார்ல் ட்ரைஸ் ஓட்டிக்காட்டின ரெண்டு சக்கர வண்டியில பெடலே கிடையாது. உட்கார்ந்துக்கிட்டு காலால தரையை உந்தித் தள்ளிப் போகணும். பெடல் வெச்ச வண்டி பாரிஸ்ல பிரபலமானது 1860-கள்லதான். நாற்பது வருஷத்துக்கு மேல மனுஷங்க பெடல் இல்லாமலே பேலன்ஸ் பண்ணிட்டு இருந்திருக்காங்க. நம்ம பையனுக்கு நாலு நாள் கொடுக்கக் கூடாதா?

அதனால சைடு வீலைக் கழட்டுங்க, கூடவே ரெண்டு பெடலையும் கழட்டுங்க. பெரும்பாலும் 15 எம்.எம். ஸ்பேனர் போதும். ஒரே ஒரு விஷயம், இடது பெடலுக்கு மரை தலைகீழா இருக்கும். வலது பெடலை வழக்கம்போலக் கழட்டலாம், இடது பெடலைக் கடிகார முள் சுத்துற திசையில திருப்பினாத்தான் கழலும். இது தெரியாம முட்டி மோதி மரையைக் கெடுத்தா கிராங்கையே மாத்தணும், அது தனிச் செலவு. கஷ்டமா இருந்தா தெருமுனை சைக்கிள் கடையில கொடுங்க, சின்னக் காசு வாங்கிக்கிட்டு அஞ்சு நிமிஷத்துல கழட்டிக் கொடுப்பாங்க.

இப்போ சீட்டை இறக்குங்க. ரெண்டு பாதமும் முழுசா தரையில பதியணும். ஹெல்மெட் போட்டு, ஷூ போட்டு, சமதளமான இடத்துல விட்டுடுங்க. முதல்ல நடப்பாங்க. அப்புறம் உந்துவாங்க. ஒரு கட்டத்துல ரெண்டு காலையும் தூக்கிக்கிட்டு ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர் போவாங்க. அதுவரைக்கும் உங்க வேலை சும்மா நிக்கிறதுதான்.

என் அக்கா பொண்ணுக்கு ஆறு வயசு. போன மே மாசம் லீவுல இப்படித்தான் ஆரம்பிச்சோம். தினமும் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இருபது நிமிஷம், அதுக்கு மேல இல்லை. ரெண்டாவது நாள் என்னைப் பார்த்து, "மாமா, நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க"ன்னா. நான் பார்த்தா அவளுக்குக் கால் தடுமாறுதாம். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்னேன். பின்னாடி சக்கரச் சத்தம் மட்டும் கேட்டுது. போற வர்ற வாட்ச்மேன் அண்ணன் சிரிச்சுட்டுப் போனார். அஞ்சு நாள் இப்படியே போச்சு. ஆறாவது நாள் பெடலை மாட்டினோம். அன்னைக்கே கோணல்மாணலா தண்ணித் தொட்டி வரைக்கும் போயிட்டா. எல்லாக் குழந்தைக்கும் ஆறு நாள்னு எடுத்துக்காதீங்க. சிலருக்கு ரெண்டு நாள், சிலருக்கு ரெண்டு மாசம்.

"பிடிச்சிட்டுதான்டா இருக்கேன்"

நம்ம ஊர் அப்பாக்கள் பரம்பரை பரம்பரையா பண்ற ஒரு வேலை இருக்கு. சீட்டைப் பின்னாலேர்ந்து பிடிச்சுக்கிட்டு ஓடுறது, குழந்தைக்குத் தெரியாம கையை விட்டுடுறது. "அப்பா, விட்றாதப்பா!" "இல்லடா, பிடிச்சிட்டுதான்டா இருக்கேன்!" குரல் தூரத்துலேர்ந்து வரும்.

பாதிப் பேர் அப்படித்தான் கத்துக்கிட்டோம், ஒத்துக்கிறேன். வேலை செய்யும்போது இது அழகான கதை. செய்யாம போனா என்ன ஆகுதுன்னு என்னோட வேலை பார்த்த ஒருத்தர் வீட்டுல நடந்தது தெரியும். ஏழு வயசுப் பையன் திரும்பிப் பார்த்தான், அப்பா இருபது அடி தள்ளி நின்னுட்டிருந்தார். பயத்துல ஹேண்டிலைத் திருப்பி விழுந்தான். முட்டி சிராய்ப்பு ஒரு வாரத்துல ஆறிடுச்சு. சைக்கிளைத் தொடறதுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. அதைவிட அவரை உறுத்தினது வேற. அடுத்த மாசம் நீச்சல் குளத்துல இறக்கும்போது, "பிடிச்சுக்கிறேன், வா"ன்னு சொல்லியிருக்கார். பையன், "நீ சும்மா சொல்லுவ"ன்னு சொல்லிட்டு அம்மாகிட்ட போய் நின்னுக்கிட்டான்.

சொல்லிட்டு விடுங்க. "மூணு எண்ணுவேன், அப்புறம் கையை எடுத்துடுவேன்"னு சொன்னா போதும். வேண்டாம்னா எடுக்காதீங்க. பிடிக்கிறதா இருந்தாலும் ஹேண்டில்பாரையும் சீட்டையும் பிடிக்காதீங்க, அப்போ பேலன்ஸ் பண்றது நீங்க, குழந்தை இல்லை. தோள்பட்டையிலயோ அக்குள்லயோ லேசா கை வெச்சுக்கிட்டுப் பக்கத்துல ஓடுங்க. முதுகு வலிக்கும், அது தனி.

"இவ்வளவு சிம்பிளான விஷயம் இவனுக்கு ஏன் வர மாட்டேங்குது?"ன்னு எரிச்சல் வரும்போது ஒரு வீடியோவைத் தேடிப் பாருங்க. டெஸ்டின் சாண்ட்லின்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர், ஸ்மார்ட்டர் எவ்ரி டேன்னு யூடியூப் சேனல் நடத்துறவர். ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினா சக்கரம் வலது பக்கம் போற மாதிரி ஒரு சைக்கிளைச் செஞ்சு வாங்கினார். எப்படி ஓட்டணும்னு அவருக்கு நல்லாவே தெரியும். ஆனாலும் ஓட்ட வர எட்டு மாசம் ஆச்சு. அவரோட சின்னப் பையன் ரெண்டு வாரத்துல ஓட்டிட்டான். தெரிஞ்சுக்கிறது வேற, உடம்புக்கு வர்றது வேற. "பேலன்ஸ் பண்ணு, பேலன்ஸ் பண்ணு"ன்னு நாம கத்துறது, முதல் நாள் வேலைக்கு வந்தவர்கிட்ட மேனேஜர் "ஓனர்ஷிப் எடுத்துக்கோங்க"ன்னு சொல்ற மாதிரிதான். கேட்கிறவருக்கு ஒண்ணும் புரியாது.

(இதை எஸ்.ஐ.பி.-யோட ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுவேன்னு எதிர்பார்த்திருப்பீங்க. எழுதலை.)

"காசு கொடுத்து கோச் வெச்சுடலாமா?"ன்னு நினைக்கிறவங்களுக்கு: தாராளமா வைக்கலாம். ஷிஃப்ட் வேலை, வீட்டுக்கு வர்றதே ராத்திரி ஒன்பதுன்னா, கத்திக் கத்திச் சொல்லிக்கொடுக்கிற களைச்சுப்போன அப்பாவைவிட நிதானமான கோச் மேல். அதே மாதிரி, "ஓட்டினா ஐநூறு ரூபாய் தர்றேன்"னு பந்தயம் கட்டுறதைத் தவிர்த்துடுங்க. ஓட்ட முடியாத ஒவ்வொரு நாளும் அந்தக் குழந்தைக்கு ஐநூறு ரூபாய் நஷ்டக் கணக்கா ஆயிடும்.

உங்களுக்கே சைக்கிள் தெரியாதுன்னா வெட்கப்படாம சேர்ந்து கத்துக்கோங்க. 1990-களின் தொடக்கத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கத்தோட சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்குல சைக்கிள் கத்துக்கிட்டாங்க. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னாடி நின்னு நடத்தினாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பத்தி விரிவா எழுதியிருக்கார். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமாகி, விளைபொருளைக் கூடுதலா நாலு ஊருக்குக் கொண்டுபோய் விற்க முடிஞ்சது அவங்களுக்கு. பலர் ரெண்டு, மூணு பிள்ளை பெத்தவங்க, புடவையோட ஏறி ஓட்டினவங்க. முப்பது வயசு நமக்கு ஒண்ணும் லேட் இல்லை.

ஓட்ட வந்ததும் முதல் வேலை பிரேக். பிரேக் பிடியைக் குழந்தையோட விரல் எட்டுதான்னு பாருங்க, எட்டலைன்னா பிடிக்குப் பக்கத்துல சின்ன ஸ்க்ரூ இருக்கும் மாடல்கள்ல அதைத் திருகி உள்ள கொண்டுவரலாம். தரையில சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு, "இதுல நிறுத்து"ன்னு விளையாட்டா பழக்குங்க. மெயின் ரோடு வேண்டாம், கேட்டுக்கு உள்ளயே இருக்கட்டும். சீட்டை மாசத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா உயர்த்துங்க.

கழட்டின சைடு வீலையும் நட்டையும் ஒரு கவர்ல போட்டு, பில்லோட சேர்த்து பத்திரமா வெச்சுக்கோங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அதே வாட்ஸ்அப் குரூப்ல விற்கும்போது வாங்குறவர் கேட்கிற முதல் கேள்வியே, "சைடு வீல் இருக்கா?"தான். கொடுத்துடுங்க. கூடவே ஸ்பேனரையும் கொடுத்து, இடது பெடல் மரையைப் பத்தியும் சொல்லிடுங்க.