மீன் தொட்டிக்குப் பம்பு வாங்கப் போகிறீர்களா?

நம் கடைத்தெருவில் கல்லாவுக்குப் பக்கத்தில் மீன் தொட்டி வைத்திருக்கும் கடைகள் பல உண்டு. வாஸ்துவுக்காக வைத்தவர்களும் இருக்கிறார்கள், அழகுக்காக வைத்தவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் வீட்டில் வைத்தவர்களும் இருக்கிறார்கள். தொட்டியையும் மீனையும் நின்று நிதானித்து, விலை பேசி வாங்கும் நாம், பம்பு விஷயத்தில் மட்டும் "நல்லதாக ஒன்று போடுங்கள்" என்று மீன் கடைக்காரரின் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். தொட்டியில் மீன் நிலைப்பதும் நிலைக்காததும் பெரும்பாலும் அந்தப் பம்பைப் பொறுத்தது என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

பம்பின் வேலை என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மீன் சுவாசிக்கும் பிராணவாயு, தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான் கரைந்து உள்ளே போகிறது. மேல் தண்ணீர் அசைந்து, கீழ்த் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தால்தான் அது தொட்டி முழுதும் பரவும். குமிழி விடும் ஏர் பம்பும் பெரும்பாலும் இந்த அசைவைக் கொடுத்துத்தான் உதவுகிறது. இரண்டாவது வேலை, பில்டர் பஞ்சு வழியாகத் தண்ணீரை ஓட்டுவது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றுகின்றன. அவற்றுக்கும் பிராணவாயு வேண்டும், ஓடும் தண்ணீர் வேண்டும்.

இங்கேதான் நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கு ஒரு சிக்கல். இரவு 9 மணிக்கு ஷட்டரை இறக்கும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவது நம் வழக்கம். தீ விபத்துக்குப் பயந்து செய்யும் நல்ல வழக்கம்தான். ஆனால் தொட்டிப் பம்பும் அதோடு நின்றுவிடுகிறது. மூடிய கடைக்குள் புழுக்கம், தொட்டி நிறைய மீன், அசையாத தண்ணீர். எங்கள் பஜாரில் ஒரு மளிகைக் கடையில் கோடைக்கால இரவு ஒன்றில் அத்தனை தங்க மீனும் செத்து மிதந்தன. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். நமக்குத் தெரிந்தவரை, மெயின் சுவிட்சைத் தவிர வேறு யார் கண்ணும் அங்கே படவில்லை. பம்பு என்பது 24 மணி நேரமும் ஓட வேண்டிய பொருள். அதற்குத் தனி லைன் இழுத்து, தனி பியூஸ் போட முடியாத கடையில் தொட்டி வைக்காமல் இருப்பதே மேல். வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இனி வாங்கும் விஷயம். முதலில் தொட்டியின் கொள்ளளவு. நீளம், அகலம், உயரத்தை அடிக்கணக்கில் பெருக்குங்கள். ஒரு கன அடிக்கு 28 லிட்டர். 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் நாலரை கன அடி, அதாவது சுமார் 127 லிட்டர். கூழாங்கல்லுக்கும் மேலே விடும் இடத்துக்கும் கழித்தால் 110 லிட்டர் நிற்கும். நன்னீர் மீன் தொட்டியில் மணிக்கு நாலைந்து தடவை தண்ணீர் சுற்றி வந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. ஆக நமக்கு வேண்டியது மணிக்குச் சுமார் 500 லிட்டர்.

உடனே 500 லிட்டர் என்று அச்சிட்ட பெட்டியை எடுத்துவிடக் கூடாது. பெட்டியில் போட்டிருக்கும் அளவு, குழாயும் பஞ்சும் இல்லாமல், தண்ணீரை ஓர் அங்குலம்கூட மேலே ஏற்றாமல் ஓடும்போது கிடைப்பது. நம் பாஷையில் சொன்னால் அது சாக்கோடு சேர்ந்த எடை. நிகர எடை தெரிய வேண்டுமானால் அதே பெட்டியில் 'ஹெச் மேக்ஸ்' என்று மீட்டரில் இன்னோர் எண் இருக்கும், அதைப் பார்க்க வேண்டும். பலரும் அதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. பம்பு தண்ணீரை ஏற்றக்கூடிய அதிகபட்ச உயரம் அது. அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வெளியே வராது! அதில் பாதி உயரத்துக்கு ஏற்றினால், போட்டிருக்கும் லிட்டரில் ஏறத்தாழ பாதி கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. பம்பு தொட்டியின் அடியில் கிடக்கிறது என்பதற்காக அடியிலிருந்து அளக்க வேண்டியதில்லை. பம்பு மூழ்கியிருக்கும் தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து, தண்ணீர் வந்து விழும் இடம் வரை உள்ள உயரம்தான் கணக்கு. தொட்டிக்கு மேலே வைக்கும் பில்டர் பெட்டியானால் அரை அடிதான் வரும். சாதாரணப் பம்பே போதும், பஞ்சு அடைப்புக்காகக் கொஞ்சம் கூட்டி 700, 800 லிட்டரில் வாங்கலாம். ஆனால் தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் பில்டர் தொட்டி வைத்து, அங்கிருந்து மேலே ஏற்றினால் உயரம் 4 அடி, அதாவது 1.2 மீட்டர். ஒன்றரை மீட்டர் ஹெச் மேக்ஸ் உள்ள 1000 லிட்டர் பம்பு அங்கே 200 லிட்டர் தந்தாலே அதிகம். இரண்டரை மீட்டர் உள்ள 1000 லிட்டர் பம்பு வாங்கினால் நம் 500 லிட்டர் கிடைத்துவிடும். இரண்டு பெட்டியிலும் 1000 என்றுதான் போட்டிருக்கும், விலையில் வித்தியாசம் இருக்கும். விலை குறைந்ததைத்தான் நாம் எடுப்போம்!

அதற்காகப் பெரிய பம்பாக வாங்கிப் போடுவதும் சரியல்ல. ஃபைட்டர் மீனுக்கும், நீண்ட வால் உள்ள தங்க மீனுக்கும் வேகமான ஓட்டம் ஆகாது. நாளெல்லாம் எதிர்நீச்சல் போட்டே இளைத்துப்போகும். கப்பிக் குஞ்சுகள் பம்பின் வாய்க்குள்ளேயே போய்விடும். சின்னத் தொட்டிக்கு ஏர் பம்பில் ஓடும் பஞ்சு பில்டரே உத்தமம்.

செலவையும் பார்க்க வேண்டும். 15 வாட் பம்பு நாள் முழுதும் ஓடினால் மாதம் சுமார் 11 யூனிட். 35 வாட் என்றால் 25 யூனிட். அந்த மின்சாரம் கடைசியில் வெப்பமாகி, பெரும்பகுதி தொட்டித் தண்ணீரிலேயே இறங்குகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையக்கூடிய பிராணவாயு, 30 டிகிரியில் ஏழரையாகக் குறைந்துவிடுகிறது. நம் ஊர் வெயிலுக்கு இது சின்ன விஷயமில்லை. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பம்புகளில் வாட் குறைந்ததற்கு 200 ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் வாங்கும்போதே யோசிக்க வேண்டும். 2012-ல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள், முடியாவிட்டால் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். இல்லையென்றால் கரண்ட் நின்றதும் குழாய் வழியே தண்ணீர் திரும்பி வடியும். அடியில் பில்டர் தொட்டி வைத்தவர்கள், மேலிருந்து வடியும் தண்ணீரைத் தாங்க அதில் காலி இடம் விட வேண்டும். பக்கத்தில் சர்க்கரை மூட்டை அடுக்கியிருந்தால் மறுநாள் பாகுதான் விற்க வேண்டியிருக்கும்.

உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று. பம்பு ஒயர் தண்ணீருக்குள் கிடப்பது. ஒயர் வெடித்தோ மேலுறை கீறியோ இருந்தால் டேப் சுற்றி ஓட்ட வேண்டாம், தூக்கிப் போடுங்கள். ஒயர் பிளக்குக்கு நேராகப் போகாமல், ஒரு சாண் கீழே தொங்கி மேலே ஏறும்படி விட்டால் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவு பிரேக்கர் அந்த லைனில் கட்டாயம் இருக்க வேண்டும். தொட்டிக்குள் கை விடும் முன் பம்பு பிளக்கைக் கழற்ற வேண்டும் என்பதைக் கடைப் பையனுக்கும் சொல்லி வையுங்கள். தொட்டி கழுவும் வேலை பெரும்பாலும் அவன் தலையில்தான் விழுகிறது.

சென்னையில் கொளத்தூர் பக்கம் போகிறவர்கள் பல கடை ஏறி இறங்கி, பெட்டியின் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம். வாங்கும் இடத்திலேயே ஒரு வாளித் தண்ணீரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்க்க விடாதீர்கள், தண்ணீர்தான் அதற்குக் குளிர்ச்சியும் எண்ணெயும். கடகடவென்று சத்தம் வந்தால் வேறு பம்பு கேளுங்கள். உள்ளே சுழலும் காந்த விசிறியும் அதன் அச்சும் உதிரியாகக் கிடைக்குமா என்று கேட்டு, கிடைத்தால் ஒரு செட் அன்றே வாங்கி வந்துவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்துப் போனால் அந்த மாடலே இருக்காது.