வெங்காயத்தின் உறவும் துவரையின் உறவும்

ஊட்டியில் எங்கள் வீட்டு வாசல் புல்லில், மூணு மூணு இலையாகப் படர்ந்து கிடக்கும் செடியைப் பார்த்து, "புளியாரையா?" என்று விருந்தாளிகள் கேட்பார்கள். இது குளோவர். புளியாரை இலை நுனி பிளந்து நெஞ்சு வடிவில் இருக்கும், மென்றால் புளிக்கும். குளோவர் இலை முட்டை வடிவம், நடுவே வெளிறிய கோடு.

அதே வாசல் நிலையில், மாமியார் ராமநாதபுரத்திலிருந்து கொண்டு வந்த சோற்றுக் கற்றாழை திருஷ்டிக்காகத் தொங்குகிறது. மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனாலும் பச்சை மாறவில்லை. "அது காத்தைக் குடிச்சே உசுரோட இருக்கும்" என்பார். உண்மையில் எல்லாம் சிக்கனம்தான். மற்ற செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து தண்ணீரை ஆவியாக விட்டுவிடும். கற்றாழை பகலில் மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ந்த பிறகு திறந்து காற்று வாங்கும். குளோவரோ இருட்டினால் மூன்று இலையையும் மடக்கிக்கொள்ளும்!

டிசம்பர், ஜனவரியில் இங்கே உறைபனி விழும். கற்றாழை சேர்த்து வைத்த தண்ணீரே அப்போது அதற்கு எமன். உறைந்து கொழகொழவென்று ஆகிவிடும். அதனால் சாயங்காலமே உள்ளே எடுத்துவிடுவேன். குளோவர் பாட்டுக்கு வெளியே கிடக்கும்.

கற்றாழை, வெங்காயத்துக்குத் தூரத்து உறவு. குளோவர், துவரை, நிலக்கடலை வகையறா. (இரண்டு பக்கத்துச் சொந்தமும் சாம்பாரில் சந்திக்கின்றன!) குளோவரைப் பிடுங்கினால், கடலைச் செடி மாதிரியே வேரில் குட்டிக் குட்டி முடிச்சுகள் தெரியும். அதிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகின்றன. செடி மக்கினால் மண்ணுக்கும் அது சேரும். காசில்லாத உரம்.

மாட்டுக்கும் நல்ல தீனிதான். ஆனால் பசித்த மாட்டைக் குளோவர் மண்டிய இடத்தில் அவிழ்த்துவிடாதீர்கள். வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகும். முதலில் கொஞ்சம் வைக்கோல் போடுங்கள்.

கற்றாழை விஷயம் இன்னும் முக்கியம். எங்கள் தெருவில் மாசமாக இருந்த பெண்ணுக்கு, "சூட்டுக்கு நல்லது" என்று யாரோ அதை அப்படியே அரைத்துக் கொடுக்க, மாமியார்தான் டம்ளரைப் பிடுங்கினார். தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பால்தான் காய்ந்தால் நாட்டு மருந்துக் கடைக் கரியபோளம். வயிற்றைப் பிடுங்கிப் பேதியாகும். கர்ப்பிணிகள் கற்றாழையை உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது. மற்றவர்களுக்கென்றாலும் மாமியார் இலையை நறுக்கி நிற்க வைத்து, மஞ்சள் பால் வடிந்த பிறகே தோல் சீவுவார். அப்புறம் சோற்றை ஏழு தண்ணீர் விட்டு அலசுவார். நான் ஐந்தில் நிறுத்தினால், "இன்னும் ரெண்டு இருக்கு" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

- ஒரு வாசகி, ஊட்டி