வீட்டு மூலையில் ஒரு சிறு பட்டறை

மலாக்கா நகருக்குச் சென்று வந்த அன்பர்கள் அங்கே இரண்டு பெரிய மாதிரிகளைக் கண்டிருப்பார்கள். ஒன்று, 1986-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சுல்தான் அரண்மனை. மற்றொன்று, 1511-இல் சுமத்திராக் கரையருகே மூழ்கிய போர்த்துகீசியக் கப்பலின் உருவில் அமைந்த கடல்சார் அரும்பொருளகம். பழைய அரண்மனை அழிந்து பல நூற்றாண்டுகள் ஆனமையால், ‘செஜாரா மெலாயு’ நூலின் வருணனையைத் துணைகொண்டே புதியது எழுப்பப்பட்டது. நேரில் கண்டு அளவு சொல்ல எவரும் எஞ்சியிருக்கவில்லை.

நம் தோட்டங்களின் நிலை வேறு. பல தோட்டங்களில் ரப்பர் மரம் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் தோன்றிவிட்டன. லயங்கள் பல இடிக்கப்பட்டுவிட்டன. ஆயினும், அவற்றில் பிறந்து வளர்ந்தோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். வாசற்படிகள் எத்தனை, பிரட்டுக்களம் எங்கே, கோயில் எந்தத் திசை நோக்கியது என்பதை அவர்களால் கூற முடியும். அவர்கள் சொல்லும்போதே அதனைச் சிறு மாதிரியாகச் செய்து வண்ணம் தீட்டி வைப்பது, வருங்காலப் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லும் நல்ல சொத்தாகும். இதற்குத் தனி அறை வேண்டியதில்லை. வீட்டின் ஒரு மூலையே போதும்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுப்போம். சன்னலோரமே சிறந்தது. வலக்கையால் வேலை செய்வோருக்கு வெளிச்சம் இடப்புறத்திலிருந்து வரவேண்டும். அப்போதுதான் கையின் நிழல் வேலையின்மீது விழாது. விடியலில் மரம் வெட்டச் சென்று பகலில் வீடு திரும்புவோருக்குப் பிற்பகல் வெளிச்சம் வசதியாகக் கிடைக்கும். இரவில் வேலை செய்வதானால், வெள்ளொளி தரும் மேசை விளக்கு ஒன்று தேவை. மஞ்சள் வெளிச்சத்தில் வண்ணங்களின் உண்மை நிறம் தெரியாது.

அடுத்து, வேலைப் பலகை. இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள ஒட்டுப்பலகையை எடுத்து, மூன்று பக்கங்களிலும் ஓரங்குல உயரச் சட்டம் அடித்துக்கொண்டால், சிறு துண்டுகள் உருண்டு கீழே விழமாட்டா. சாப்பாட்டு நேரத்தில் வேலையைக் கலைக்காமல் பலகையோடு தூக்கி அலமாரியின்மேல் வைத்துவிடலாம். சிறு ரம்பம், கூரிய கத்தி, எஃகு அளவுகோல், உப்புத்தாள், மரப்பசை, இரண்டு தூரிகைகள் ஆகியவை தொடக்கத்திற்குப் போதும்.

ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொள்வது எளிது. முப்பதடி நீளமுள்ள வீடு ஏழரை அங்குலத்தில் அடங்கிவிடும். சுவர்களுக்குக் கெட்டி அட்டை போதும். பழைய அட்டைப் பெட்டியின் மேல்தாளைக் கவனமாக உரித்தால் உள்ளே தெரியும் அலைவரிகள் தகரக் கூரையாக அமையும்.

மரத்தில் செதுக்க விரும்புவோர்க்கு ஜெலுத்தோங் மரத்துண்டுகள் ஏற்றவை. நம் நாட்டுக் காடுகளில் வளரும் இம்மரமும் ரப்பரைப் போல் பால் சுரப்பதே. அந்தப் பால் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்வதற்கு ஏற்றுமதியாயிற்று. மரம் மென்மையானது, இழையோட்டம் நேரானது. ஆகவே மாதிரி செய்வோர் பிற நாடுகளிலும் இதனை விரும்புகின்றனர். ரப்பர் மரமோ சற்றுக் கடினமானது. மருந்தூட்டாத துண்டுகளை வண்டு துளைத்துவிடும்.

ரப்பர்ப் பாலுக்கும் இம்மேசையில் வேலை உண்டு. அம்மோனியா கலந்த ரப்பர்ப் பாலை, வண்ணம் படக்கூடாத சன்னல், கதவு ஆகிய இடங்களில் மெல்லியதாகத் தடவுவார்கள். அது உலர்ந்தபின் சுற்றிலும் வண்ணம் பூசி, முடிவில் அதனை உரித்தெடுத்தால் ஓரங்கள் நேராக அமைந்திருக்கும்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, நீரில் கரையும் அக்ரிலிக் வகையே வீட்டிற்குப் பாதுகாப்பானது. பழைய பெயிண்ட் டப்பாக்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்; ஆதலின் அவற்றைத் தொடாதிருப்பதே நலம். தின்னர் பயன்படுத்தினால் சன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள். அதன் ஆவி காற்றினும் கனமானது; தரையோடு பரவி அடுப்பையோ சாமி விளக்கையோ எட்டினால் தீப்பற்றும். மழைநாளில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால், தெளிப்பு வண்ணம் வெளுத்துப் போவதும் உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. தின்னரையோ, பால் உறையவைக்கும் அமிலத்தையோ குளிர்பானப் புட்டியில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது பானமாகவே தோன்றும். அவற்றை அவற்றிற்குரிய கலத்திலேயே, பூட்டுள்ள பெட்டியில் வைக்கவேண்டும். கத்தியும் வேலை முடிந்ததும் அப்பெட்டிக்குள் போகட்டும். மரத்தூளைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பிள்ளைகளை இவ்வேலையிலிருந்து ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும். அளப்பதும் ஒட்டுவதும் வண்ணம் தீட்டுவதும் அவர்களுடையதாகட்டும். பாட்டியிடம் சென்று, “அடுப்படி எந்தப் பக்கம் இருந்தது?” என்று கேட்டு வரும் பொறுப்பையும் அவர்களிடமே விடுங்கள். மாதிரி முடிந்ததும் அதன் அடியில் தோட்டத்தின் பெயர், லயத்தின் எண், குடும்பம் அங்கு வாழ்ந்த ஆண்டுகள் ஆகியவற்றை எழுதி வைக்கவேண்டும். அளவு சொல்வோர் இருக்கும் இக்காலத்திலேயே இப்பணியைத் தொடங்குவோமாக.