தோள் இறுக்கம்: அறிந்ததும் அனுபவித்ததும்

கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. முதுகுப்பக்கம் கொண்டுபோக முடியாது. இரவில் அந்தப் பக்கம் சாய்ந்தால் தூக்கம் போச்சு. மாதக்கணக்கில் வதைக்கும் இந்த நோய்க்குப் பல பெயர்கள் உண்டு. யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை எண்பதாக வகுக்கிறது. அவற்றுள் வரும் கும்பவாதத்தோடு இதனைப் பொருத்திச் சொல்வர் இன்றைய சித்த மருத்துவர்கள். ஆயுர்வேதத்தார் அவபாஹுகம் என்பர். ஜப்பானியர் 'ஐம்பது வயதுத் தோள்' என்றே பேச்சு வழக்கில் அழைக்கிறார்கள். பெரும்பாலும் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் வருவதால் பொருத்தமான பெயர்தான். 1872-இல் பிரெஞ்சு மருத்துவர் டுப்ளே இதைத் தனி நோயாக விவரித்தார். 1934-இல் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் காட்மன் வைத்த பெயர்தான் இன்று எல்லார் வாயிலும் வழங்கும் 'ஃப்ரோசன் ஷோல்டர்', அதாவது உறைந்த தோள்.

உள்ளே என்ன நடக்கிறது? தோள்மூட்டு என்பது சின்னத் தட்டின்மேல் பெரிய பந்து உட்கார்ந்தது போன்ற அமைப்பு. அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறை. அந்த உறை தொளதொளவென்று, அடிப்பக்கம் மடிப்பு விட்டு இருப்பதால்தான் கை எல்லாத் திசையிலும் சுழல்கிறது. இந்நோயில் உறை அழன்று, தடித்து, சுருங்கிவிடும். நான் பாத்திரக்கடைக்காரன், பழைய குக்கர் காஸ்கெட் இறுகிப்போவதைத் தினமும் பார்க்கிறவன். ஏறக்குறைய அதே கதைதான். எலும்புக்கு ஒரு கேடும் இல்லை என்பதால் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். இங்கேதான் சிக்கல். "படத்தில் ஒண்ணுமில்லையாம்" என்று வீட்டார் நிம்மதி அடைந்துவிடுவார்கள். வலிப்பவர் வாய் மூடிக்கொள்வார்.

என் அக்காள் வந்தவாசிப் பக்கத்திலிருந்து விதுராவுக்கு வந்து எங்களோடு சில மாதம் தங்கியிருந்தார். ரவிக்கைக்குப் பின்னால் ஊக்குப் போடுவதை நிறுத்தி, முன்பக்கம் ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டார். பேத்தியை அழைத்துத் தலை வாரச் சொன்னார். கை கூப்பி வணங்கும்போது வலது கை மார்புக்கு மேல் எழவில்லை. கேட்டால், "வயசானா இப்படித்தான் தம்பி, உனக்கு எதுக்கு வீண் செலவு" என்பார். வெளியூரில் பிள்ளை வீட்டிலும் தம்பி வீட்டிலும் தங்கும் நம் பெரியவர்கள் பலரும் இப்படித்தான். பாரமாகிவிடுவோமோ என்ற பயம். வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துப்போனபோது இரத்தம் சோதித்தார்கள். சர்க்கரை ஏறிக் கிடந்தது. அது இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

ஆகவே முதல் செய்தி இது: தோள் இறுகினால் சர்க்கரையையும், கூடவே தைராய்டையும் சோதியுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்நோய் மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதலாக வருகிறது. நீண்ட நாள் நிற்கவும் செய்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி கேரளத்தில் வயது வந்தவர்களில் 25.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நாலில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். நாம் வாழ வந்த ஊரின் நிலை இது.

இரண்டாவது செய்தி, எனக்கு முக்கியமாகப் படுவது: இந்நோய்க்குப் பருவங்கள் உண்டு, பருவம் பார்த்துத்தான் வைத்தியம். முதலில் வலிப்பருவம். சில மாதங்கள் வலி ஏறிக்கொண்டே போகும், இரவில் அதிகம். அடுத்தது இறுக்கப் பருவம். வலி தணியும், ஆனால் கை அசையாது. இது ஓராண்டுகூட நீளும். பிறகு மெல்ல இளகும் பருவம். எல்லாம் சேர்த்து ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை. தானே சரியாகும் என்று சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் தங்கிவிடுகிறது, அதுவும் சர்க்கரைக்காரர்களுக்கு.

எனக்கு இடது தோளில் வந்தபோது முதல் பருவத்திலேயே மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். இரவுத் தூக்கம் திரும்பியது. இந்த ஊசி தொடக்கத்தில் போட்டால்தான் நல்ல பலன் என்பது மருத்துவர்கள் கருத்து. ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறவர்கள் உண்டு. மூட்டுக்குள் போடும் ஓரிரண்டு ஊசி வேறு, ஆண்டுக்கணக்கில் விழுங்கும் மாத்திரை வேறு. ஆனால் ஊசிக்குப்பின் சில நாள் சர்க்கரை ஏறும். அதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும். இந்தப் பருவத்தில் கையை இழுத்து முறுக்கக் கூடாது. குனிந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, ஊஞ்சல்போல் மெல்ல ஆட்டினால் போதும். காட்மன் பெயரால் வழங்கும் பயிற்சி இது.

இறுக்கப் பருவத்தில்தான் பயிற்சியைக் கூட்ட வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் பல்லிபோல் மேலே ஏறுவது ஒன்று. துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து நல்ல கையால் மேலே இழுப்பது இன்னொன்று. நான் குடோன் சுவரில் வாரம் ஒருமுறை பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதிவைத்தேன். கோடு ஒரு விரற்கடை ஏற ஒரு மாதம் ஆனதும் உண்டு. வியாபாரிக்குக் கணக்குப் பேரேடு இல்லாமல் மனசு நிற்காது. இதில் காட்மனும் நம் கட்சிதான்: நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வைத்து, சிகிச்சைக்குப் பின் ஆள் உண்மையில் தேறினாரா என்று ஓராண்டாவது பின்தொடர வேண்டும் என்று வாதாடியவர் அவர். இந்தப் பிடிவாதத்தால் சக மருத்துவர்களின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார்.

இவ்வளவுக்கும் அசையாத தோளுக்கு என்ன வழி? மூட்டுக்குள் உப்புநீரை அழுத்தமாகச் செலுத்தி உறையை விரிக்கலாம். மயக்கம் கொடுத்து மருத்துவரே கையை அசைத்து விடுவிக்கலாம். சிறு துளை வழியே கருவி நுழைத்து இறுகிய உறையை வெட்டிவிடலாம். எது மேல்? பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் 503 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2020-இல் லான்செட் இதழில் வந்தது. ஊசியோடு சேர்ந்த முறையான பிசியோதெரபி, மயக்கத்தில் அசைத்து விடுவது, துளைவழி அறுவை என்ற மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் எதுவும் மற்றவற்றைத் தெளிவாக விஞ்சி நிற்கவில்லை. அறுவையில்தான் கடுமையான பின்விளைவுகள் சற்றுக் கூடுதல். எனவே எடுத்த எடுப்பில் அறுவைக்கு ஓட வேண்டியதில்லை.

கேரளத்தில் இருந்துகொண்டு ஆயுர்வேதத்தைச் சொல்லாமல் விட முடியுமா! திருவனந்தபுரம் அரசு ஆயுர்வேதக் கல்லூரி 1889 தொட்டு நடப்பது. அபியங்கம், நசியம், ஞவரக்கிழி ஆகியவை அவபாஹுகத்துக்குச் சொல்லப்படுபவை. கார்ப்பாஸாஸ்த்யாதி தைலம் வழக்கமாகத் தருவார்கள். எண்ணெயும் சூடும் தசைப்பிடிப்பை இளக்கிப் பயிற்சியை எளிதாக்குவதை நானே கண்டேன். சுருங்கிய உறையை எண்ணெய் மட்டும் விரித்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஒரு சின்னச் செய்தி: கஷாயத்துக்குத் தேனை அனுபானமாகச் சொன்னால், தேன் உண்ணாத எங்களைப் போன்றவர்கள் வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது, வேறு அனுபானம் சொல்வார். தைலம் தேய்க்க வருபவர் "ஒரே இழுப்பில் எடுத்துவிடுகிறேன்" என்றால் மட்டும் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். எலும்பு தேய்ந்த முதியவருக்குத் தோள் எலும்பே முறியக்கூடும்.

எல்லாத் தோள்வலியும் இந்நோய் அல்ல. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். உறைந்த தோளில் இது நன்றாகக் குறைந்திருக்கும், அடுத்தவர் பிடித்துத் திருப்பினாலும் போகாது. தானாகத் தூக்க முடியவில்லை, மற்றவர் தூக்கினால் எழுகிறது என்றால் தசைநார் அறுந்திருக்கலாம். பொன்முடி, போணக்காடு தோட்டங்களில் காலமெல்லாம் உழைத்த நம்மவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நலம். இடது தோள் வலியோடு மார்பு இறுக்கமும் வேர்வையும் சேர்ந்தால் அது இருதயம். தைலத்தைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுங்கள்.

அன்றாடத்துக்குச் சில: சட்டை போடும்போது நோவுள்ள கையை முதலில் நுழைக்கவும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கவும். மல்லாந்து படுத்து, அந்தக் கையின் அடியில் சிறு தலையணை வைத்தால் இரவு கழியும். கையைத் தூக்குப்போட்டுக் கட்டி வைத்தால் இறுக்கம்தான் வளரும்.

புதிதாக இங்கே குடிவந்தவர்களுக்கு ஒரு மொழிக் குறிப்பு. மருத்துவரிடம் போய் "தோளில் வலி" என்றால் மலையாளத்தில் அது வேறு பொருள். அவர்களுக்கு 'வலி' என்றால் இழுப்பு, புகைபிடிப்பதும் 'வலி'தான். "தோளில் வேதன" என்று சொல்லுங்கள். எத்தனை மாதமாக, ராத்திரி கூடுதலா, கை முதுகுப்பக்கம் எதுவரை போகும், சர்க்கரை உண்டா, இந்த நாலையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனால், நெடுமங்காடு வழியாக மெடிக்கல் காலேஜ் வரை பஸ் ஏறிப்போய் ஓ.பி. வரிசையில் நின்றதற்கு உண்டான பலன் கிடைக்கும்.